பெயரும் முகவரியும் பொருத்திப் பார்க்கும் நிரல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் புதிதாக நிரல் எழுத வருகிற பிள்ளைகள், பெயர்களைத் தோராயமாகப் பொருத்தும் வேலை வந்தால், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கூடுதல் இடைவெளியை நீக்குவது போன்றவற்றைச் சொல்லித்தரத் தேவையில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

பைட்டை எண்ணி எழுத்தை அளப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு மொத்த வியாபாரியின் வாடிக்கையாளர் பட்டியலில் இரட்டைப் பதிவுகளை நீக்க ஓர் இளைஞர் நிரல் எழுதினார். அளவுகோல், 1965-இல் விளாதிமிர் லெவன்ஷ்டைன் வகுத்த தொலைவு: ஒரு சொல்லை மற்றொன்றாக்க எத்தனை சேர்த்தல், நீக்கல், மாற்றல் வேண்டும் என்ற கணக்கு. பெயர் ஒன்றாக இருந்து, முகவரியின் ஒப்புமை, அதாவது மாறாமல் நிற்கும் பங்கு, 90 விழுக்காட்டைத் தாண்டினால் இரண்டு பதிவுகளையும் ஒன்றாக்கச் சொல்லிவிட்டார். ஒரே பெயரில் இரண்டு கடைக்காரர்கள். ஒருவர் கீழ மாசி வீதி, மற்றவர் மேல மாசி வீதி. இவருடைய பாக்கி அவர் தலையில் விழுந்தது. இரண்டு தெருக்களுக்கும் நடுவே மீனாட்சி அம்மன் கோயிலே இருக்கிறது!

காரணம் எளிது. பிஎச்பி என்ற நிரல்மொழியில் உள்ள லெவன்ஷ்டைன் செயற்கூறு எழுத்துகளை அல்ல, கணினி அவற்றைச் சேமிக்கும் சிறு அலகுகளான பைட்டுகளைத்தான் எண்ணும். யூனிகோடு முறையில் எழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான். ஆகவே ‘கீழ மாசி வீதி’யின் 35 பைட்டுகளில் ‘மேல’ என்பதற்காக மாறுவது மூன்றே மூன்று. ஒப்புமை 91 விழுக்காடு. யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் 13-இல் 3 மாறும், 77 விழுக்காடு. நாம் பள்ளியில் எண்ணுவதுபோல் எழுத்தெழுத்தாக, இடைவெளியையும் சேர்த்து எண்ணினால் 8-இல் 2 மாறும், 75.

உயிர்மெய்யையும் புள்ளி வைத்த எழுத்தையும் முழு எழுத்தாகப் பிரித்த பிறகே அளவிடுங்கள். அதுவும் போதாது. மாசி, ஆடி, சித்திரை என்று கோயிலைச் சுற்றிய வீதிகள் ஒவ்வொன்றுக்கும் நான்கு திசைகள் உண்டு. திசைச் சொல்லைத் தனியே எடுத்து, அச்சொட்டாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ல, ள, ழ குழப்பத்துக்குச் சலுகை தரும் நிரல்களில் இது இன்னும் அவசியம். அந்தச் சலுகை ‘கீழ’வை ‘மேல’வுக்கு மேலும் நெருக்கமாக்கிவிடும்.

இயல்பாக்காமல் ஒப்பிடுவது

‘கொ’ என்பதில் உள்ள உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் வரலாம். கொம்பு, கால் என்று இரண்டாகவும் வரலாம். திரையில் வேறுபாடு தெரியாது. முதலில் இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்; இதுதான் இயல்பாக்கல்.

சவுண்டெக்ஸ்

ஒலியை வைத்துப் பெயர்களைப் பொருத்தும் இந்த முறை ஆங்கில எழுத்துகளுக்கானது. தமிழுக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிடுவது

10,000 பதிவுகள் என்றால் ஏறத்தாழ 5 கோடி இணைகள். ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

தலைப்பெழுத்தைப் பெயரோடு சேர்த்து அளப்பது

மு. கணேசன், சு. கணேசன்: ஓர் எழுத்துதான் வேறு, ஆனால் தகப்பனே வேறு. அதே சமயம் சு. கணேசன் இன்னோரிடத்தில் எஸ். கணேசன் என்று எழுதியிருப்பார். தலைப்பெழுத்துக்குப் பதிவில் தனி இடம் (புலம்) வையுங்கள். ஆங்கில, தமிழ் வடிவங்களுக்கு ஓர் அட்டவணை போடுங்கள். தலைப்பெழுத்தே இல்லாத பதிவை எதனோடும் தானாக இணைக்க விடாதீர்கள். அதையும் அதோடு பொருந்துவதாகத் தோன்றும் பதிவையும் தொலைபேசி எண்ணோடு தனிப் பட்டியலில் சேருங்கள். கடையில் கணக்கெழுதுபவர் பார்த்துச் சொல்லட்டும். அவர் சொல்லும் வரை பழைய பதிவுகள் இரண்டும் அப்படியே இருக்கட்டும்.