திரையைப் பார்க்கும் முன் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடுங்கள்

ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) கிட்டில் ட்ரிம்மர் கெப்பாசிட்டரை (திருகி மதிப்பை மாற்றக்கூடிய சிறு கெப்பாசிட்டர்) சரிசெய்யும்போது, ஸ்க்ரூடிரைவர் அதன் மேல் இருக்கும்போதே திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொஞ்சம் திருப்புங்கள், கருவியை முழுவதும் விலக்குங்கள், அப்புறம் திரையில் வரும் சோதனைச் சதுர அலையின் மூலை கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் முனை இருந்தால் இன்னும் நல்லது.

ட்ரிம்மரின் மொத்த மதிப்பே சில பிகோஃபாரட் (கெப்பாசிட்டர் மதிப்பை அளக்கும் மிகச் சிறிய அலகு) முதல் சில பத்து பிகோஃபாரட் வரைதான். உலோக முனையும் அதைப் பிடித்திருக்கும் கையும் சேர்ந்து அதில் சில பிகோஃபாரட்டைக் கூட்டிவிடும். அதனால்தான் கூர்மையாகத் தெரிந்த மூலை, கையை எடுத்ததும் வடிவம் மாறுகிறது.

திருப்பியும் அலை அசையவே இல்லையா? அப்போது இந்த வழி உதவாது. முதலில் சுவிட்சுகளைப் பாருங்கள், ஒவ்வொரு ட்ரிம்மரும் தனக்குரிய சுவிட்ச் நிலையில்தான் வேலை செய்யும். டிஎஸ்ஓ 138 என்ற ஆசிலோஸ்கோப் கிட்டில் சி4 ட்ரிம்மரை 0.1 வோல்ட், 5 மடங்கு நிலையிலும், சி6 ட்ரிம்மரை 1 வோல்ட், 1 மடங்கு நிலையிலும் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அதுவும் சரி என்றால் சாலிடரைச் சோதியுங்கள்.

இன்னொன்று முக்கியம். வழக்கமான வட்ட ட்ரிம்மருக்கு முடிவு கிடையாது. ஒரு முழுச் சுற்றில், மூலை கூர்மையாகும் சரியான இடம் இரண்டு முறை வர வேண்டும். ஒரே முறை வந்தால், அல்லது வரவே இல்லையென்றால், ட்ரிம்மரின் எல்லை போதவில்லை. பக்கத்தில் உள்ள நிலையான கெப்பாசிட்டருக்குப் பதில் வேறு மதிப்புள்ளது தவறுதலாகப் பொருத்தப்பட்டிருக்கலாம், அதைச் சந்தேகப்படுங்கள்.