பி.பி.ஏ. சேர இரண்டு இடத்தில் சீட் கிடைத்தால்: அட்வான்ஸ் கட்டும் முன் செய்ய வேண்டியவை

அஸ்தம்பட்டியில் சின்னதாக ஒரு நெட் சென்டர் வைத்திருக்கிறேன். ஏற்காடு பஸ் இந்த வழியாகத்தான் மலை ஏறும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து கடையில் நிற்க இடமிருக்காது. விண்ணப்பம் போடுவது பெரிய வேலை இல்லை. அது முடிந்து இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளைகள் திரும்பி வந்து கேட்பதுதான் கஷ்டமான கேள்வி: "அண்ணா, ரெண்டு இடத்துல கிடைச்சிருக்கு. எதுல சேரட்டும்?"

இந்த வருடம் ஏற்காடு மலையில் நாகலூர் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். கொஞ்சம் காபி, நிழல் மரங்களில் மிளகு, அதுதான் வருமானம். பெண்ணுக்கு பி.பி.ஏ., அதாவது வணிக மேலாண்மைப் பட்டப்படிப்பு படிக்க ஆசை. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் இடம் இருந்தது. வெளியூரில் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் கூப்பிட்டிருந்தது. அங்கிருந்து போனுக்கு மேல் போன்: "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள 25,000 கட்டிடுங்க, இல்லன்னா சீட் போயிடும்."

என் தம்பிக்கும் இப்படி ஒரு போன் வந்துதான் நாங்கள் அவசரப்பட்டோம். அட்வான்ஸோடு ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் அலைந்தோம். அதனால் அந்த அப்பாவிடம், "ரெண்டு நாள் பொறுங்க" என்றேன். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் ஒரு பெயர், வலப்பக்கம் ஒரு பெயர் எழுதினோம். அந்தப் பக்கத்தை நிரப்பிய விதத்தைத்தான் கீழே சொல்கிறேன்.

படி 1: பட்டம் யார் கொடுக்கிறார்கள்?

பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கியது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வருகின்றன. நீங்கள் படிப்பது கல்லூரியில், பட்டம் வருவது பல்கலைக்கழகத்திலிருந்து. சாதாரண இணைப்புக் கல்லூரி என்றால் செமஸ்டர் கேள்வித்தாளும் பல்கலைக்கழகத்துடையதே. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் கல்லூரி கையில், பட்டத்தில் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயர். நிகர்நிலை என்றால் எல்லாமே அவர்கள் கையில். அப்படிப்பட்ட இடத்துக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 1956, பிரிவு 3-இன் கீழ் அங்கீகாரம் இருக்க வேண்டும். யுஜிசி இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, போலிப் பல்கலைக்கழகப் பட்டியலும் தனியாக இருக்கிறது. இரண்டையும் பாருங்கள். 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பு ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) வரம்புக்குள்ளும் வந்துவிட்டது. அந்த ஒப்புதல் கடிதத்தையும் கேளுங்கள்.

படி 2: விளம்பரத்தை மூடிவிட்டு என்ஐஆர்எஃப் தாளைத் திறந்து பாருங்கள்

பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் (NIRF) தரவரிசையில் கலந்துகொள்ளும் கல்வி நிறுவனங்கள், தாங்கள் கொடுத்த விவரத்தைத் தங்கள் இணையதளத்திலும் போட வேண்டும். கல்லூரிப் பெயரோடு 'என்ஐஆர்எஃப்' என்று சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். அதில் மூன்று வருட இளநிலைப் படிப்புக்கு ஓர் அட்டவணை இருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், சம்பளத்தின் இடைநிலை எவ்வளவு என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள்.

இடைநிலை என்றால் நடுவில் நிற்பவரின் சம்பளம். ஐந்து பேருக்கு வருடத்துக்கு 1.5 லட்சம், 1.8, 2, 2.2, 12 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்தால் 3.9 லட்சம் வரும். இடைநிலை 2 லட்சம்தான். பேனரில் போடுவது அந்த 12 லட்சத்தை. உங்கள் பிள்ளைக்குக் கிடைக்க வாய்ப்புள்ளது நடுவில் இருக்கும் தொகை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அந்த அட்டவணை பி.பி.ஏ.வுக்கு மட்டுமானது இல்லை, எல்லா மூன்று வருடப் படிப்புக்கும் சேர்த்துப் போட்டது. அதனால் துறைத் தலைவரிடம் பி.பி.ஏ. கணக்கைத் தனியாகக் கேளுங்கள்.

என்ஐஆர்எஃப் தாளே இல்லாத கல்லூரியும் உண்டு. அதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பு தந்த கிரேடைப் பாருங்கள், அது எந்த வருடம் வாங்கியது என்பதையும் சேர்த்து.

படி 3: மூன்று வருடத்துக்கும் மொத்தக் கணக்கு

முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டியூஷன் பீஸ், தேர்வுக் கட்டணம், விடுதி, மெஸ், சீருடை, தொழிற்சாலைப் பயணம், தீபாவளி பொங்கலுக்கு ஊர் வந்து போகும் செலவு எல்லாவற்றையும் எழுதி மூன்று வருடத்துக்குக் கூட்டுங்கள். இரண்டாம் வருடம் கட்டணம் ஏறுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மலையிலிருந்து தினமும் வந்து போகலாம் என்று நினைப்பவர்கள் 20 கொண்டை ஊசி வளைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மழைக் காலத்தில் மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும். 75 சதவீத வருகைப்பதிவு இல்லாவிட்டால் தேர்வு எழுதுவதில் சிக்கல் வரும். நாகலூர்ப் பெண்ணுக்கு விடுதிதான் சரி என்று அங்கேயே எழுதிவிட்டோம்.

கடன் வாங்குவதாக இருந்தால் கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வழக்கமான வங்கி கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை உங்கள் பங்குப் பணம் கேட்கமாட்டார்கள், 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்கமாட்டார்கள். ஆனால் திருப்பிக் கட்டுவதையும் இப்போதே போட்டுப் பாருங்கள். 5 லட்சம், 10 சதவீத வட்டி, 5 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 10,600 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி தனி. படி 2-இல் பார்த்த இடைநிலைச் சம்பளத்தை 12-ஆல் வகுத்து இதன் பக்கத்தில் எழுதுங்கள். அந்த அப்பா இந்த இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

உதவித்தொகையையும் விட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வனில். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடிப் பிள்ளைகளுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை உண்டு. அதற்கான சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தரமாட்டார், கோட்டாட்சியர்தான் தர வேண்டும். நாளாகும், முன்கூட்டியே போடுங்கள்.

படி 4: ஒரு வேலை நாளில் நேரில் போங்கள்

அட்மிஷன் மேளா நாளில் போகாதீர்கள். சாதாரண செவ்வாய்க்கிழமை போதும். நூலகத்தில் மேலாண்மைப் புத்தகங்கள் இருக்கும் அலமாரிக்குப் போய், நான்கு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். திருப்பித் தர வேண்டிய தேதி முத்திரை குத்திய சீட்டு ஒட்டியிருக்கும். பளபளப்பான ஒரு வளாகத்தில் நான் பார்த்த மார்க்கெட்டிங் புத்தகத்தில் கடைசி முத்திரை 2014. கணினியில் பதிவு செய்யும் நூலகம் என்றால், கடந்த மாதம் எத்தனை புத்தகம் வெளியே போனது என்று நூலகரிடம் கேளுங்கள்.

அப்புறம் கேன்டீன். இரண்டாம், மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் மூன்று கேள்வி போதும். அக்கவுண்ட்ஸ் எடுப்பவர் நிரந்தர ஆசிரியரா, வருடத்துக்கு ஒருவர் மாறுகிறாரா? இன்டர்ன்ஷிப்பைக் கல்லூரி பிடித்துத் தந்ததா, நீங்களே தேடினீர்களா? போன வருட சீனியர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? பெற்றோர் பக்கத்தில் நின்றால் பிள்ளைகள் பேசத் தயங்குவார்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

சேலத்தில் படிப்பதில் எனக்குத் தெரிந்த ஒரு நன்மை உண்டு. லீ பஜாரில் மொத்த வியாபாரம், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை என்று புராஜெக்டுக்குப் போக நிஜத் தொழில்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அதே சமயம், வங்கி, ஐடி பக்கம் போகத் துடிக்கும் பிள்ளைக்குப் பெருநகரம் திறக்கும் கதவுகள் வேறு. அந்த ஆசையை வீட்டில் பேசாமல் நோட்டை நிரப்பாதீர்கள்.

படி 5: இப்போது பணம் கட்டலாம்

கட்டும் முன் இரண்டு விஷயம். ஒன்று, விலகினால் எவ்வளவு திரும்ப வரும், எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். யுஜிசி இதற்கு விதி வைத்திருக்கிறது. நாள் தள்ளத் தள்ளத் தொகை குறையும். மூன்று வருடக் கட்டணத்தையும் மொத்தமாகக் கேட்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. இரண்டு, ஒரிஜினல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டுங்கள், பார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. இதைத் தெரியாமல்தான் நாங்கள் இரண்டு மாதம் அலைந்தோம்.

நாகலூர்ப் பெண் சேலத்திலேயே சேர்ந்துவிட்டாள். ரசீதோடு நேராக என் கடைக்கு வந்து, அதை ஸ்கேன் செய்து தன் மெயிலுக்கே அனுப்பிவிட்டு, மார்க் ஷீட் கவரை இன்னொரு முறை திறந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மலை பஸ் ஏறினாள்.