கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடும் பைக்கில் கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற முடியுமா? முடியும். சரியாகச் செய்தால் பெரிய சேதமும் வராது. ஆனால் இதைச் செய்கிற பலரும் காலால் ஓங்கி மிதித்துத்தான் மாற்றுகிறார்கள், கியர்பாக்ஸ் அடி வாங்குவது அங்கேதான். மிதிக்கிற பலத்தால் கியர் விழுவதில்லை, ஆக்சிலேட்டரைக் குறைக்கிற அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில்தான் விழுகிறது. இது புரியாமல் முயற்சி செய்வதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே வருகின்றன.

பைக் கியர்பாக்ஸில் எல்லா ஜோடிக் கியர்களும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுற்றிக்கொண்டிருக்கும். கியர் லீவரை மிதித்தால் உள்ளே ஒரு உருளை (டிரம்) திரும்பும், அது கவை போன்ற ஃபோர்க்கை நகர்த்தும், ஃபோர்க் ஒரு கியரைப் பக்கவாட்டில் தள்ளும், அந்தக் கியரின் பக்கத்தில் இருக்கும் தடித்த கட்டைப் பற்கள் (டாக் என்பார்கள்) அடுத்த கியரில் போய் மாட்டிக்கொள்ளும், அப்படி மாட்டிய ஜோடி வழியாகத்தான் சக்தி பின்சக்கரத்துக்குப் போகும். கார்களில் கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோ ரிங் இங்கே கிடையாது. இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பற்கள் ஒன்றையொன்று இறுக்கமாக அழுத்தி நிற்கும். பல பைக்குகளில் அவற்றைச் சற்றுச் சரிவாகவே வெட்டியிருப்பார்கள், இழுக்க இழுக்க இன்னும் இறுகட்டும் என்று. வெளியிலிருந்து ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தால் தாழ்ப்பாளை நகர்த்த முடியாது, அவர் கையை எடுத்ததும் விரலாலேயே நகர்த்திவிடலாம் அல்லவா, அதே கணக்குதான். கிளட்ச் பிடித்தால் அந்த அழுத்தம் போய்விடுகிறது. கிளட்ச் பிடிக்கவில்லை என்றால் அந்த வேலையை ஆக்சிலேட்டர்தான் செய்ய வேண்டும்.

ஆகவே முறுக்கியபடியே மிதிக்காதீர்கள். லீவரில் காலை மெல்ல அழுத்தி வைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரைச் சட்டென்று கொஞ்சம் மூடினால் கியர் தானாக நழுவி விழும், உடனே மறுபடி திறந்துவிட வேண்டும். அப்புறம், நிறைய பேர் மூடியதும் அப்படியே விட்டுவிடுகிறார்கள், அதுவும் தவறு. ரொம்ப நேரம் மூடியிருந்தால் இன்ஜின் வண்டியைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கும், பற்களின் மறுபக்கத்தில் அழுத்தம் ஏறும், கியர் திரும்பவும் சிக்கிக்கொள்ளும். அழுத்தம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் வழியில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியைத்தான் பிடிக்க வேண்டும். இடைவெளியின் நீளம் வண்டிக்கு வண்டி மாறும். 150 சிசி வண்டியில் இன்ஜின் சுழற்சி சட்டென்று இறங்கிவிடும், ராயல் என்ஃபீல்டு 350 மாதிரி கனமான ஃபிளைவீல் (இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் சக்கரம்) உள்ள வண்டியில் மெதுவாகத்தான் இறங்கும். ஒன்றில் பழகிய அவசரத்தை மற்றொன்றில் காட்டினால் "டங்" என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் பற்கள் மோதிக்கொண்டன என்று அர்த்தம்.

தயங்கித் தயங்கி அரைகுறையாக மிதிப்பதும் கெடுதல்தான். பற்கள் முழுதாக மாட்டாமல் நுனியில் மட்டும் உரசி நின்றால் இரண்டு கியருக்கும் நடுவில் வண்டி தொங்கும், முறுக்கினால் இன்ஜின் மட்டும் அலறும். இப்படி அடிக்கடி நடந்தால் பற்களின் விளிம்பு மழுங்கிவிடும், பிறகு கிளட்ச் பிடித்து ஒழுங்காகப் போட்டாலும் முறுக்கும்போது கியர் தெறித்து வெளியே வரும். ஓவர்டேக் செய்யும்போது அப்படி ஆனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். முதல் இரண்டு கியருக்கும் விகித வித்தியாசம் அதிகம், குலுக்கலும் அதிகம், பல வண்டிகளில் நடுவில் நியூட்ரல் வேறு இருக்கிறது. மூன்றுக்கு மேல் வித்தியாசம் குறைவு, அங்கே முயற்சி செய்யலாம். செயின் தொங்கிக்கொண்டிருந்தாலோ, பின்சக்கரத்தில் உதறலைத் தாங்கும் கப்ளிங் ரப்பர் தேய்ந்திருந்தாலோ அங்கேயும் வேண்டாம், ஒவ்வொரு மாற்றமும் வண்டியை உதறும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது கியரைக் கீழே இறக்குவது. மேலே ஏற்றும்போது இன்ஜின் சுழற்சி குறைய வேண்டும், அது தானாகவே குறையும். கியரைக் குறைக்கும்போது சுழற்சி கூட வேண்டும், அதை நீங்கள்தான் ஆக்சிலேட்டரால் சரியான அளவுக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் தட்டினால் பின்சக்கரம் ஒரு கணம் இழுத்துப் பிடித்தது போல் ஆகிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதோ, மழை பெய்த சாலையிலோ அது வழுக்கி விழப் போதும். ஏபிஎஸ் இருக்கிறது என்று நம்பாதீர்கள், ஏபிஎஸ் பிரேக்கைத்தான் தளர்த்தும், இன்ஜின் பிடிப்பதை அதனால் தளர்த்த முடியாது. ஸ்லிப்பர் கிளட்ச் இருந்தால் சக்கரம் இழுபடுவது குறையும், சரி, ஆனால் கியரின் பற்கள் மோதிக்கொள்வதை அது தடுக்காது. கியரைக் கீழே இறக்கும்போது கிளட்ச் பிடியுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

"கிளட்ச் பிளேட் தேயாமல் இருக்கும்" என்று சொல்லி இதைத் தினமும் செய்கிறவர்களும் உண்டு. பிளேட் அதிகம் தேய்வது கியர் மாற்றும் அந்தக் கணத்தில் அல்ல, டிராஃபிக்கில் அரைக் கிளட்சில் ஊர்வதிலும், மேட்டில் கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பதிலும்தான். பிளேட் என்பது தேய்வதற்கென்றே வைத்த பொருள், பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் மாற்றிவிடலாம். கியரோ ஃபோர்க்கோ போனால் பெரும்பாலான சின்ன பைக்குகளில் இன்ஜினை இறக்கி, அதன் வெளிக்கூட்டையே (கேஸ்) பிரிக்க வேண்டும். லீவர் மேலேயே காலை வைத்து ஓட்டும் பழக்கமும் இதே செலவில்தான் கொண்டுபோய் விடும், ஏனென்றால் சுற்றும் கியரில் ஃபோர்க் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

"குயிக்‌ஷிஃப்டர் வைத்த வண்டியில் செய்கிறார்களே" என்பார்கள். அங்கே லீவரில் ஒரு சென்சார் இருக்கிறது, கால் பட்டதும் அது இன்ஜினின் சக்தியை ஒரு நொடியின் சின்னப் பங்கு நேரம் துண்டித்துவிட்டுத் திரும்பக் கொடுக்கிறது. முறுக்கியபடியே மாற்ற முடிவது அதனால்தான், உங்கள் ஸ்ப்லெண்டரில் அது இல்லை. 2009-ல் வந்த டிவிஎஸ் ஜைவில் கிளட்ச் லீவரே கிடையாது, ஆனால் உள்ளே கிளட்ச் இருந்தது, லீவர் இல்லாமலே அது விலகும்படி செய்திருந்தார்கள். இரண்டையும் காட்டி "கிளட்ச் தேவையில்லை" என்று முடிவுக்கு வர முடியாது.

இந்தக் கலை உண்மையில் கைகொடுப்பது வழியில் கிளட்ச் கேபிள் அறுந்தால்தான். அப்போதும் ஸ்டார்ட்டரை முதல் கியரில் வைத்து அழுத்தாதீர்கள், வண்டி முன்னால் பாயும், புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டார்ட்டும் ஆகாது. நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, முன்னால் யாரும் இல்லாத இடத்தில், முடிந்தால் லேசான இறக்கத்தில், காலால் தள்ளி உருள விட்டு முதல் கியரைத் தட்டுங்கள். நிற்க வேண்டியிருந்தால் வண்டி உருளும்போதே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள், நியூட்ரல் விழவில்லை என்றால் பிரேக்கோடு கில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இது பக்கத்து மெக்கானிக் கடைவரை போய்ச் சேரத்தான், நெரிசலான சாலை என்றால் தள்ளிக்கொண்டே போவது நல்லது. கேபிள் பெரும்பாலும் கிளட்ச் லீவர் பக்கத்து முனையில்தான் இழை இழையாகப் பிரிந்து அறுகிறது, லீவர் சொரசொரப்பாகவோ கனமாகவோ தோன்றினால் ரப்பரை விலக்கிப் பாருங்கள். தூரப் பயணம் போகிறவர்கள் புதிய கேபிள் ஒன்றைப் பழையதோடு சேர்த்தே கட்டி வைத்துக்கொள்வதுண்டு, அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் போதும்.