ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு: புது ஆசிரியர்கள் முதல் மாதத்தில் சறுக்கும் இடங்கள்

காரைக்குடி மாதிரி ஊரில் நடுநிலைப் பள்ளிக்குப் புதிதாக வருபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எட்டாம் வகுப்புப் பையன்களில் பாதிப் பேர் அதே வளாகத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து இருப்பவர்கள். எந்த ஃபேன் சுற்றாது, மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எந்த சாருக்கு எதற்குக் கோபம் வரும், எல்லாம் அத்துப்படி. அங்கே புது ஆள் நீங்கள்தான். ஜூனில் பள்ளி திறந்ததும் அவர்கள் உங்களிடம் நோட்டம் பார்ப்பது ஒன்றைத்தான்: இவர் சொன்னால் சொன்னபடி நடக்குமா?

நடக்காத மிரட்டல் ஒன்றை விடுத்துப் பாருங்கள், மூன்றாம் நாளே தெரிந்துவிடும். "ஃபெயிலாக்கிடுவேன்" என்பீர்கள். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் பாஸ் என்பது உங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். "டி.சி. குடுத்து அனுப்பிடுவேன்" என்பதும் அப்படித்தான்; 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் பள்ளியைவிட்டு நீக்க முடியாது. அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பிரம்பு மட்டுமல்ல, முட்டி போட வைப்பதும் அதில் அடக்கம்.

இவற்றைவிட மோசமானது "நாளைக்கு அப்பாவோட வந்தாத்தான் உள்ள விடுவேன்". இந்தப் பக்கத்தில் நிறைய அப்பாக்கள் ஊரில் இல்லை. சிங்கப்பூரில் இருப்பார், துபாயில் இருப்பார், சென்னையில் ஏதாவது செட்டிநாடு மெஸ்ஸில் மாஸ்டராக இருப்பார். மறுநாள் ஒன்று அப்பத்தா வந்து நிற்பார், அல்லது பையன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி வேறெங்காவது பொழுதைப் போக்கிவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புவான். இரண்டாவதுதான் அதிகம். அப்பத்தாதான் வீட்டுக்குப் பொறுப்பு என்றால் அவரிடமே பேசுங்கள். அதையும் புகாரோடு ஆரம்பிக்க வேண்டாம். முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு நல்ல செய்திக்காக ஃபோன் செய்யுங்கள். "என்னத்தா பண்ணுனான் எம் பேரன்?" என்று பதறித்தான் கேட்பார். "ஒண்ணும் பண்ணலைங்க, கணக்கு நல்லாப் போடுறான்" என்று சொல்லிவையுங்கள். பிறகொரு நாள் புகார் சொல்ல வேண்டி வந்தால் அவர் உங்கள் பக்கம் நிற்பார்.

விதிகளைச் சின்னதாக வையுங்கள். வீட்டுக்கணக்கு போடாதவர் சாயங்காலம் மணி அடித்ததும் ஐந்து நிமிடம் இருந்து போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றால், அந்த ஐந்து நிமிடம் நீங்களும் இருக்க வேண்டும். நான்காம் நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினீர்கள் என்றால் அந்த விதி அன்றோடு செத்தது.

அறிமுகம் என்ற பெயரில் ஒவ்வொருவராக எழுப்பி "அப்பா என்ன வேலை?" என்று கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்குக் காவல் இருப்பவரின் மகள், தறி நெய்பவரின் மகன், அப்பா எங்கே என்றே தெரியாதவன், எல்லோரும் அதே பெஞ்சில்தான் இருக்கிறார்கள். "எந்தத் தெரு?" என்பது அதைவிட ஆபத்து. அதை ஏன் கேட்கிறீர்கள் என்று பதினொரு வயதுப் பிள்ளைக்கும் புரியும். பெயரை மட்டும் கேளுங்கள், இனிஷியலோடு. மூன்று கார்த்திக் இருப்பார்கள்.

போர்டில் லீடரை விட்டு "பேசுபவர்கள்" பட்டியல் எழுதச் சொல்வதையும் நிறுத்தலாம். உங்கள் வேலையை இன்னொரு பிள்ளையிடம் தள்ளிவிடுகிறீர்கள். அவன் எதிரிகளின் பெயர்தான் முதலில் ஏறும். பி.டி. பீரியடைப் பிடுங்கிப் பாடம் நடத்துவது பற்றி என்ன சொல்ல? அன்று வாங்கிய வெறுப்பை அடுத்த வாரம் வகுப்பில் அனுபவிப்பீர்கள்.

கடைசியாக, வாசிப்பு. ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் இருப்பார்கள். டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு மனப்பாடம் செய்த உளவியலாளர் பியாஜே இங்கே கைகொடுக்கமாட்டார். எல்லோர் முன்னும் எழுப்பி வாசிக்கச் சொன்னால் அவன் அவமானத்தை மறைக்க ஏதாவது சேட்டை செய்வான். நீங்கள் அதை ஒழுங்கீனம் என்று எடுத்துக்கொள்வீர்கள். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒருநாளைக்கு நான்கைந்து பேராக மேசையருகே கூப்பிட்டு, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். யார் எங்கே திணறினார்கள் என்பதை உங்கள் நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். காலாண்டுத் தேர்வுக்குள் பாதியை அழித்து எழுத வேண்டியிருக்கும்.