பெரிய வீட்டுக் கூடத்தில் வயலின் பதிவு செய்யும் முன்

போன மாதம் தேவகோட்டையிலிருந்து இரண்டு தம்பிகள் ஹார்ட் டிஸ்க்கோடு காரைக்குடிக்கு என்னிடம் வந்தார்கள். விண்வெளிக் கதைக் குறும்படம், ஆர்கெஸ்ட்ரா இசை. அதையே ஆல்பமாகவும் போட ஆசை. "அண்ணே, எங்க அப்பத்தா வீட்டுக் கூடத்துல எடுத்தோம். கோயில் மாதிரி கேக்குது" என்றான் ஒருவன். கேட்கும் முன்பே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு.

இப்படிப் படத்துக்கு இசை எடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன். சுருதி பார்க்காதது, கேபிளை மறந்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தெரிந்துவிடும்.

கூடத்தின் அழகில் மயங்குவது

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடியாக இழைத்த சுண்ணாம்புச் சுவர், பர்மா தேக்குத் தூண். ஒலியை உறிஞ்ச அங்கே ஒன்றும் இல்லை. நான் எடுத்த கூடத்தில் கை தட்டினால் இரண்டு நொடி நின்றது. அதுவும் விண்வெளிப் படம்தான். சென்னையிலிருந்து எட்டு வயலின்காரர்களை வரவழைத்திருந்தேன். மெதுவான பகுதி வாசித்தபோது எல்லோருக்கும் புல்லரித்தது.

அப்புறம் துரத்தல் காட்சி. தாளம் நிமிடத்துக்கு 140 அடி, அடிக்கு 4 நோட்டு, அதாவது சுரம். ஒரு நோட்டுக்குப் பத்தில் ஒரு நொடிதான். அது அடங்க இரண்டு நொடி என்றால், எந்த நேரத்திலும் இருபது நோட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். கூழ்தான். அதைவிட மோசம் விண்கலத்தின் குறுகிய அறையில் ஒருத்தி தனியாக மூச்சு வாங்கும் காட்சி. பின்னால் கல்யாண வீட்டுக் கூடம் கேட்டது. ஒலியோடு பதிவான எதிரொலியைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. எட்டுப் பேருக்கும் மறுபடி ரயில் டிக்கெட், மறுபடி சம்பளம். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

"இன்டர்ஸ்டெல்லார் படத்துக்கு லண்டன் டெம்பிள் தேவாலயத்துல எடுத்தாங்களே?" என்று தம்பிகள் கேட்டார்கள். சரி, ஆனால் அதன் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மர் அங்கே பதிவு செய்தது அந்தத் தேவாலயத்தின் குழாய் ஆர்கனை. அந்த வாத்தியத்துக்குக் கட்டடமே பாதி உடம்பு. நீண்டு நிற்கும் சுரங்கள் அங்கே வாழும், ஓடும் வயலின் வாழாது.

செய்யவேண்டியது இதுதான். சின்ன அறையில் பஞ்சு மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி, மைக்கைக் கிட்டத்தில் வைத்து எடுங்கள். வெறும் பாய் போதாது. கூடத்தின் ஒலிதான் வேண்டுமென்றால் ஆள் இல்லாத நேரத்தில் அங்கே ஒரு பலூனை உடைத்து அந்த எதிரொலியை மட்டும் பதிவு செய்யுங்கள். அதைக் கன்வல்யூஷன் ரிவெர்ப் என்ற, ஓர் இடத்தின் எதிரொலியை வேறு ஒலிமேல் ஏற்றும் மென்பொருளில் போட்டால், வேண்டிய காட்சிக்கு வேண்டிய அளவு கலக்கலாம்.

விண்வெளி என்றால் சிந்தசைசர் என்று நினைப்பது

விண்வெளிக்கு மின்னணு வாத்தியம்தான் என்று இல்லை. 1977இல் ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படத்துக்கு இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத்தான் வாசிக்கவைத்தார்.

48ஐ 44.1 ஆக ஓட்டுவது

ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிவு செய்கிறோம் என்ற கணக்கு இது: படத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ், சிடிக்கு 44.1. முறைப்படி மாற்றாமல் ஓட்டினால் வேகம் குறைந்து சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் இறங்கும் (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி ஒரு செமிடோன்).

படத்துத் துண்டுகளை அப்படியே ஆல்பமாக அடுக்குவது

நாற்பது நொடித் துண்டு திரையில் போதும். காதுக்கு மட்டும் என்றால் தொடங்கும்போதே முடிந்துவிடும். ஒரே மெட்டில் வரும் மூன்று துண்டுகளைக் கோத்து ஒரு பாட்டாக்குங்கள். தம்பிகள் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறார்கள். வயலின் மட்டும் தை மாதம் மறுபடி, அப்பத்தா வீட்டு நெல் அறையில்.