ஆஸ்போர்ன் ஹவுஸைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வைட் தீவில் உள்ள ஆஸ்போர்ன் ஹவுஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் "விக்டோரியா மகாராணியின் கல் அரண்மனை" என்றே தொடங்குகிறார்கள். அந்த ஒரு வரியிலேயே இரண்டு பிழைகள்.

அது அரண்மனை அல்ல. 1845-ல் விக்டோரியாவும் கணவர் ஆல்பர்ட்டும் சொந்தப் பணத்தில் வாங்கிய குடும்ப வீடு. அதனால்தான் கட்டட விஷயத்தில் அரசுத் துறைகளின் தலையீடு இல்லாமல் ஆல்பர்ட் தன் விருப்பப்படி முடிவெடுக்க முடிந்தது. அங்கே ஏற்கெனவே இருந்த பழைய வீட்டுக்குப் பதிலாக, இத்தாலிய வில்லா பாணியில் புதிதாகக் கட்டினார்கள். எதிரே தெரியும் சோலண்ட் கடல் ஆல்பர்ட்டுக்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவை நினைவூட்டியதாம்.

அது கல்லும் அல்ல. செங்கல் சுவர். மேலே சிமென்ட் பூச்சு, அந்தப் பூச்சில் கல் அடுக்கியதுபோலத் தெரியக் கோடுகள். இங்கிலாந்தின் பாத் நகரத்து வெளிர்மஞ்சள் கல்லின் நிறத்தைக் காட்டுவதுதான் நோக்கம். இதைப் போலி என்று ஒதுக்குவது அடுத்த தவறு. கட்டியவர் தாமஸ் க்யூபிட், லண்டனில் பெல்கிரேவியா பகுதியின் பெரும்பங்கைக் கட்டிய ஒப்பந்தக்காரர். அங்கே இந்தப் பூச்சு வேலை அவருக்குக் கைவந்த கலை. தீப்பிடிக்காமல் இருக்கத் தளங்களை வார்ப்பிரும்பு உத்திரங்களாலும் செங்கல் வளைவுகளாலும் தாங்கச் செய்தார். என் பார்வையில் இந்த வீட்டின் உண்மையான நவீனம் இங்கேதான் இருக்கிறது. பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் யாரையும் தேட வேண்டாம். வடிவமைப்பை ஆல்பர்ட்டும் க்யூபிட்டும் சேர்ந்தே முடிவு செய்தார்கள்.

எல்லாம் ஒரே மூச்சில் எழுந்தது என்றும் நினைத்துவிடக் கூடாது. அரச குடும்பம் வாழ்ந்த பெவிலியன் 1846-ல் முடிந்தது. மற்ற பெரிய பகுதிகள் முடிய 1851 ஆகிவிட்டது. இரண்டு கோபுரங்கள் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்காததைக் குறையாகச் சொல்கிறார்கள். இத்தாலிய வில்லா பாணிக்கு அந்தச் சமச்சீரின்மைதான் அழகு.

உள்ளே போனதும் பலர் மேசை நாற்காலிகளைப் படமெடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அறைகள் எப்படி இணைகின்றன என்று கவனியுங்கள். சாப்பாட்டு அறை, வரவேற்பறை, பில்லியர்ட்ஸ் அறை மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று திறக்கின்றன. பில்லியர்ட்ஸ் அறை மட்டும் மூலை திரும்பி இருக்கிறது. ராணியின் முன்னால் நின்றே ஆக வேண்டிய அரசவைக்காரர்கள் அங்கே அவர் கண்ணில் படாமல் உட்காரலாம், கூப்பிட்டால் உடனே வரவும் செய்யலாம். மரியாதை விதியைச் சுவர்த் திருப்பத்தால் தீர்த்திருக்கிறார்கள்!

கடைசியாக, 1890-களின் தொடக்கத்தில் இந்தியப் பாணியில் சேர்த்த தர்பார் அறை. அதன் வெண்மையைப் பார்த்து பளிங்கு, தந்தம் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது சுண்ணச் சாந்தும் காகிதக்கூழும். இதைவிடப் பெரிய தவறு, ஆலோசகராக இருந்த லாக்வுட் கிப்ளிங்கின் (எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் தந்தை) பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போவது. அலங்காரத்தை வடிவமைத்து வேலையை முன்நின்று நடத்தியவர் லாகூர் மேயோ கலைப் பள்ளியிலிருந்து வந்த பாய் ராம் சிங். அமிர்தசரஸ் கால்சா கல்லூரியை வடிவமைத்தவரும் அவரே. தர்பார் அறையைப் பற்றி எழுதும்போது முதலில் வர வேண்டியது அவர் பெயர்தான்.