‘க்குள்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘பை’ போடுவதா, ‘விதின்’ போடுவதா?

"ஐந்து மணிக்குள் வாருங்கள்", "ஐந்து நாளுக்குள் வாருங்கள்". தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘க்குள்’. ஆங்கிலத்தில் முதலாவதுக்கு ‘பை’, இரண்டாவதுக்கு ‘விதின்’. ‘விதின்’ என்றால் ‘உள்ளே’ என்று மனப்பாடம் செய்திருப்பதால்தான் நம்மில் பலர் "விதின் ஃபைவ் ஓ'கிளாக்" என்று எழுதிவிடுகிறோம். அது தவறு.

படி 1: ‘க்குள்’ எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். விடை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

படி 2: அது ‘எப்போது’க்குப் பதிலா, ‘எவ்வளவு நேரம்’ என்பதற்குப் பதிலா? ஐந்து மணி, வெள்ளிக்கிழமை, மார்ச் 31 எல்லாம் ‘எப்போது’. கடிகாரத்திலோ காலண்டரிலோ விரல் வைத்துக் காட்டலாம். இங்கே ‘பை’. அரை மணி நேரம், ஐந்து நாள், 2 வாரம் என்பவை நீளங்கள். இங்கே ‘விதின்’.

படி 3: ‘விதின்’ போட்டால், எப்போதிலிருந்து எண்ணுவது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். "விதின் தர்ட்டி டேஸ்" என்று மட்டும் எழுதினால், கடிதம் எழுதிய நாளிலிருந்தா, கையில் கிடைத்த நாளிலிருந்தா என்று வாக்குவாதம் வரும். "விதின் தர்ட்டி டேஸ் ஆஃப் பர்ச்சேஸ்" என்றால், வாங்கிய நாளிலிருந்து 30 நாள் என்று புரிந்துவிடும். ‘பை’க்கு இந்தத் தொல்லை இல்லை; கெடு நாளையே சொல்லிவிடுகிறோமே. அதனால் அலுவலகக் கடிதங்களில் முடிந்தவரை தேதியைப் போட்டு ‘பை’ எழுதுவதே நல்லது என்பேன்.

படி 4: ‘க்குள்’ வினையோடு வந்தால்? "அவர் வருவதற்குள் முடித்துவிடுகிறேன்." இதற்கு ‘பை த டைம்’. வருவது இனிமேல்தான் என்றாலும் "பை த டைம் ஹி கம்ஸ்" என்றே சொல்ல வேண்டும். நடுவே ‘வில்’ சேர்க்கக் கூடாது.

அப்புறம், ‘வரை’ வந்தால் இரண்டுமே கிடையாது. "ஐந்து மணி வரை இருங்கள்" என்பதற்கு ‘அன்டில்’.

சரி, இப்போது நீங்களே செய்து பாருங்கள்: பத்து நிமிடத்துக்குள், பத்து மணிக்குள், நான் திரும்புவதற்குள்.

விடை: விதின் டென் மினிட்ஸ், பை டென் ஓ'கிளாக், பை த டைம் ஐ ரிட்டர்ன்.